குளிர் அறையில் ஒன்பது நிமிடம்

கொட்பே மீன்துறையின் ஐஸ் தொழிற்சாலையில்
பதினொரு வருடமாகக் கணக்கெழுதுகிறேன்.
ஒரு கட்டி என்ன நிறை,
லொறியில் எவ்வளவு உருகும்,
உருகியதை யார் தலையில் எழுதுவது.
குளிரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இப்போது கொப்பியின் கடைசிப் பக்கத்தில்
வேறொரு கணக்கு:
சூரிச், மூன்று இரவு.
பேர்ண், சசிரேகா மச்சாள் வீட்டில் ஐந்து
(வாடகை இல்லை, கறித்தூள் நாலு கிலோ).
நடுவில் மலை.
மலைக்கு நேரே
பென்சிலால் ஒரு கேள்விக்குறி.

நகரம் போதும் என்கிறார் ஜெயசீலன்.
டிராமில் ஏறலாம், பாலத்தில் நிற்கலாம்,
கண்ணாடிக்கு வெளியே நின்று கடை பார்க்க
எவனும் காசு கேட்கமாட்டான்.
சொல்லும்போது கை
வலது முழங்காலைத் தடவுகிறது.
அந்த முழங்காலுக்கு ஒரு கதை இருக்கிறது.
எந்தப் பயணத்திலும்
அதற்கு அவர் சீட்டு எடுப்பதில்லை.

யதுர்ஷாவுக்குச் சறுக்க வேண்டும்.
பதினாலு வயது.
உப்புவெளி மணலில்
இரண்டு தென்னை மட்டையைச்
சைக்கிள் ரியூப்பால் காலோடு கட்டி,
தோணி இழுத்த தடத்தில் நின்று
தம்பியைத் தள்ளச் சொன்னாள்.
மூக்கு முழுக்க மண்.
எழும்பித் துப்பிவிட்டு
'பனி இதைவிட மெதுமை' என்றாள்,
நேற்றுத்தான் அங்கிருந்து வந்தவள் மாதிரி.

மேலே போகிற கம்பிவண்டிக்கு ஒரு சீட்டு.
சறுக்குக் கட்டை வாடகை,
சப்பாத்து வாடகை, தலைக்கவசம் வாடகை.
நாலு பேருக்கும் கூட்டி
ஐஸ் கட்டியாக மாற்றிப் பார்த்தேன்.
வந்த தொகைக்கு
துறைமுகத்து மீன் முழுவதையும் ஒரு கிழமை மூடிவைக்கலாம்.
அழித்தேன்.
பிள்ளைகள் இருவருக்கும் மட்டும், ஒரே ஒரு நாள்.
அரை நாள் சீட்டும் உண்டாம், மத்தியானத்துக்குப் பிறகு.

வங்கியில் காசு வேறு
விசா முடியும்வரை அசையாமல் கிடக்க வேண்டும்,
கண்ணாடிப் பெட்டியில் வைத்த
கலியாணக் கேக் மாதிரி.

முதல் பட்டியலை மான் தின்றது.
விசாவுக்குப் படம் எடுத்துவிட்டுக்
கோட்டை வாசலில் நின்றபோது
பைக்குள் தலையை விட்டு இழுத்தது.
சூரிச்சை மென்றது. பேர்ணை மென்றது.
மலை வந்த இடத்தில் தும்மிவிட்டுத்
துண்டைத் துப்பியது.
'பார், அதுக்கும் மலை சரிவரேல்லை'
என்று ஜெயசீலன் சிரித்த சிரிப்பில்
பிள்ளை பிடித்திருந்த குடையே ஆடியது.

கார்த்திகை. விடாத மழை.
நடைபாதைக் கடையில் பொறுக்கிய
நாலு குளிர் ஜாக்கெட்டும்
தோய்த்துப் போட்டு ஆறு நாள்.
விறாந்தைக் கொடியில்
நாலு தடித்த மனிதர்கள்போல் தொங்குகின்றன,
ஒருவருக்கும் காயும் எண்ணமில்லை.

ஏழாம் நாள் கபிஷன் ஈரத்தோடேயே போட்டுக்கொண்டான்.
'எத்தனை நிமிடம் தாங்கும் என்று பார்க்கவேணும்.'
நவ்பர் நானா குளிர் அறைத் திறப்பைத் தந்து
பத்துக்கு மேல் வேண்டாம் என்றார்.
தனியே விட மனமில்லாமல்
தகப்பனும் உள்ளே போனார்.
நான் வெளியே மணிக்கூட்டோடு.

ஒன்பதாவது நிமிடம் கதவு தட்டும் சத்தம்.
பிள்ளையின் சட்டைக்கை இரண்டும்
பலகையாக விறைத்து
மடக்க முடியாமல் விரிந்து நின்றன.
'அம்மா, அங்கேயும்
சூரை மீன் மணக்குமா?'

அவருடைய புருவத்தில் வெள்ளைப் பொடி.
'முழங்கால் என்ன சொல்லுது?' என்றேன்.
'ஒண்டும் சொல்லேல்லை. விறைச்சுப் போச்சு.'
கொஞ்ச நேரம் தரையை உதைத்து நின்றார்.
பிறகு, என்னைப் பார்க்காமல்:
'அந்த அரை நாள் சீட்டு
எத்தனை மணிக்குத் தொடங்கும்?'

கொப்பியை எடுத்தேன்.
கூரையொழுக்கில் கடைசிப் பக்கம் நனைந்திருந்தது.
மெதுவாகத்தான் அழித்தேன்.
கேள்விக்குறி போகும்போது
மலையிலும் ஒரு ஓரம் கிழிந்தது.